வீடியோ பெல்: பார்வையைக் குறுக்குங்கள்

எங்கள் வீடு கண்டியில், அம்பிட்டிய வீதியிலிருந்து மேலே ஏறும் சரிவொன்றில் இருக்கிறது. கேட் கீழே வீதியோரம், வாசற்கதவு மேலே. நடுவில் 38 படிகள். அம்மாவுக்கு 76 வயது, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. பெல் அடித்தால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அவர் இறங்கி வருவதற்குள் தபால்காரர் கடிதத்தைக் கேட் இடுக்கில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். ஓர் ஒக்டோபர் மழையில், பாசி பிடித்த படியொன்றில் அம்மாவுக்குக் கால் வழுக்கியது. நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. கீழே நின்றவர் வீடு மாறி வந்தவர். அந்த வாரமே பற்றரியில் இயங்கும் வீடியோ பெல் ஒன்றை வாங்கிக் கேட் தூணில் பொருத்தினேன்.

கடைக்காரர்கள் இதைக் கள்ளனைப் பிடிக்கும் கருவியாகத்தான் விற்கிறார்கள். மூன்று வருடம் இதோடு வாழ்ந்த பிறகு, வயதானவர் ஒருவர் தேவையில்லாமல் படி இறங்குவதைத் தடுப்பதுதான் இதன் முதல் வேலை என்று சொல்வேன். இந்த எண்ணத்தின் தொடக்கமும் அதற்கு அருகில்தான் இருக்கிறது. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற தாதி, இரவில் தனியாக இருக்கும்போது கதவருகே போகாமலே வந்தவர் யாரென்று பார்க்கவும் அவரோடு பேசவும் வழி தேடினார். கதவில் கெமரா, படுக்கையறையில் திரை, இரண்டு பக்கமும் பேச ஒலிவாங்கி என அவரும் கணவரும் வடிவமைத்த ஏற்பாட்டுக்கு 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார்கள். இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டி செய்யும் வேலை அதேதான்.

பழைய பெல் கம்பியைத் தொடாதீர்கள்

பற்றரி பெல்லை வாங்கிய பலர் முதலில் கேட்கும் கேள்வி: "ஏற்கெனவே பெல்லுக்கு வயர் வந்திருக்கிறதே, அதில் மாட்டினால் சார்ஜ் போடும் வேலையே இல்லையே?" கூடாது. சில பெல்களின் முதுகில் வயர் மாட்ட இரண்டு முனைகள் இருப்பது உண்மை. அவை வெளிநாட்டு வீடுகளில் உள்ள குறைந்த அழுத்த மின்மாற்றிக்காக, ஏறத்தாழ 8 முதல் 24 வோல்ட்டுக்கு, செய்யப்பட்டவை. நம் வீடுகளில் பெல் சுவிட்சுக்கு வருவது பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட். அதை இதில் கொடுத்தால் பெல் எரியும், கை வைத்தவருக்கும் ஆபத்து. மின்மாற்றி வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் ஊருக்குப் பற்றரிதான் பொருத்தம் என்பதற்கு இன்னொரு காரணம் இடி. ஏப்ரல் மாதப் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டியில் இடி விழும் விதம் இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். கேட்டிலிருந்து வீட்டுக்கு நீண்ட வயர் ஓடினால் அதுவே மின்னல் அதிர்வை உள்ளே கொண்டுவரும் வழியாகிவிடலாம். பற்றரி பெல்லுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ரவுட்டருக்கு உண்டு, இடி தொடங்கினால் அதன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பொருத்தும்போது பெட்டிக்குள் வந்த ஸ்குரூக்களை மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்று தொலைந்தால் வீட்டிலுள்ள நீள ஸ்குரூவைப் போட்டு முறுக்கத் தோன்றும். 2020 நவம்பரில் அமெரிக்காவில் ரிங் நிறுவனம் ஏறத்தாழ 3,50,000 வீடியோ பெல்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது இதே காரணத்தால்தான்: தவறான ஸ்குரூவைப் போட்டால் அது பற்றரியைக் குத்தி, சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். லிதியம் பற்றரிக்கு ஒரு சிறு துளையே போதும்.

சார்ஜ் எங்கே போகிறது

பெட்டியில் "ஆறு மாதம்" என்று அச்சடித்திருந்தது. எனக்கு முதல் சார்ஜ் ஐந்து வாரத்தில் முடிந்தது. பற்றரி பழுதென்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோக இருந்தேன். நண்பர் ஒருவர் செயலியில் உள்ள நிகழ்வுப் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொன்னார். ஒரு நாளுக்கு அறுபதுக்கு மேல் பதிவுகள்! ஓட்டோ, பாடசாலை வான், காற்றில் ஆடும் வாழையிலை, பின்னேரம் ஐந்தரைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பான் வண்டி, வீதியில் போகும் ஒவ்வொரு ஆளும் அதில் இருந்தார்கள்.

இந்தப் பெல் நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கிறது. உடம்பின் வெப்பம் அசைவதை உணரும் சின்ன உணரி மட்டும் விழித்திருக்கும். ஏதாவது அசைந்தால் அது கெமராவை எழுப்பும். கெமரா வைஃபையை எழுப்பி, படம் எடுத்து அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். எழும்புவதற்குத்தான் செலவு. உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 மில்லி அம்பியர் மணிப் பற்றரியில் ஏறத்தாழ 18.5 வாட் மணி சக்தி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 20 வினாடி விழித்து 1.2 வாட் எடுத்தால், தூங்கும்போது 5 மில்லிவாட் எடுத்தால், நாளுக்குப் பத்துப் பதிவுக்குப் பற்றரி ஏறத்தாழ 100 நாள் தாங்கும். அறுபது பதிவென்றால் 36 நாள். என் ஐந்து வாரம் அங்கேதான் போயிருந்தது.

ஆகவே பற்றரியைக் காப்பாற்றும் வழி, பெல் எதைப் பார்க்கிறது என்பதைக் குறைப்பது. முதலில் இடம். தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரம் போதும். வெப்ப உணரி தனக்கு நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே போகிறவரைத்தான் சட்டென்று பிடிக்கும். வீதிக்கு நேர் எதிராகப் பொருத்தினால் வீதியில் போகும் எல்லோரும் குறுக்கே போகிறவர்கள், கேட்டை நோக்கி வருபவர் மட்டும் நேரே வருபவர். நமக்குத் தேவையானதற்கு நேர்மாறு. என் பெல்லைத் தூணின் உள்பக்கத்துக்கு மாற்றி, பின்னால் ஓர் ஆப்புத் தகடு வைத்து, பார்வை கேட்டுக்கு முன்னாலுள்ள இரண்டு மீற்றர் நிலத்தின் மேல் குறுக்காக விழும்படி திருப்பினேன். செயலியில் அசைவுப் பகுதியையும் அந்த அளவுக்கே சுருக்கினேன். பதிவுகள் நாளுக்கு எட்டு, பத்தாகக் குறைந்தன. அடுத்த சார்ஜ் மூன்று மாதம் ஓடியது.

மேற்குப் பார்த்த கேட்டென்றால் பின்னேர வெயிலைக் கவனியுங்கள். சூடேறிய சுவரின் வெப்பம் ஆளின் உடல் வெப்பத்துக்கு அருகில் வந்தால் உணரிக்கு ஆளைப் பிரித்தறிவது கடினம். கூரைத் தகட்டுத் துண்டொன்றை மேலே வளைத்து அடித்தாலே நிழலும் கிடைக்கும், மழையும் படாது.

வைஃபை பலவீனமாக இருந்தாலும் சார்ஜ் கரையும். படத்தை அனுப்பப் பெல் திரும்பத் திரும்ப முயலும். இந்தப் பெல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில்தான் வேலை செய்யும். மலைச்சரிவு வீடுகளில் ரவுட்டர் மேலே உள்ளறையில், பெல் கீழே இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில், நடுவில் கொங்கிரீட் தாங்குசுவர் என்று இருக்கும். நான் ரவுட்டரை முன் ஜன்னல் விளிம்புக்கு நகர்த்தினேன், அதுவே போதுமாக இருந்தது. உங்களுக்குப் போதாவிட்டால் அலை நீட்டியொன்றை வாசல் விறாந்தையில் வையுங்கள். வாங்குவதற்கு முன் போனை எடுத்துக்கொண்டு கேட்டடியில் நின்று வைஃபையில் ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். அங்கே அது தடங்கினால் பெல்லும் தடங்கும்.

மழை, சிலந்தி, குரங்கு

கண்டிக்கு இரண்டு பருவமழையும் வருகிறது, இடைப்பருவ மழையும் வருகிறது. பெல்லின் பெட்டியில் தூசும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி65 என்று போட்டிருந்தாலும், சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி சரியாக அமர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஒவ்வொரு சார்ஜுக்குப் பிறகும் அந்த மூடியை விரலால் சுற்றி அழுத்துங்கள். துளையின் உள்ளே பச்சை நிறம் தெரிந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. ஈரமில்லாத பழைய பல்துலக்கியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் கண்ணாடியில் பனி படிந்து முகம் மங்கலாகத் தெரியும். அது வெயில் ஏறப் போய்விடும். கண்ணாடியின் உள்பக்கம் மங்கல் தங்கிவிட்டால்தான் ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

இரவில் ஓயாமல் அறிவித்தல் வருகிறதா? பெல்லைத் தூரத்திலிருந்து சந்தேகப்படாமல் கிட்டப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்கு அருகே ஒரு சிலந்தி நூல் இருக்கும். இருட்டுக்காகப் பெல் வீசும் அகச்சிவப்பு ஒளியில் அந்த ஒற்றை நூல் கயிறு மாதிரி வெள்ளையாகத் தெரியும். காற்றில் ஆட ஆட, படத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்து அசைவைக் கணிக்கும் பெல்கள் அதை ஆளென்று எடுத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் தீர்ந்தது. பூச்சி மருந்து அடிக்க வேண்டாம், கண்ணாடியில் படலம் படியும்.

உடவத்தகலைக் காட்டோரம், ஹந்தானைச் சரிவு, பேராதனைப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரங்குதான் பெரிய பிரச்சினை. மினுங்கும் எதையும் அவை பிடித்து இழுத்துப் பார்க்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுக்க மின்சாரம் போனதாக அமைச்சரே சொன்னார். ஒரு பெல்லை இழுத்துப் பிடுங்குவது அவற்றுக்குப் பெரிய காரியமில்லை. ஒட்டுநாடாவில் ஒட்டுவது இங்கே சரிவராது. தூணில் துளையிட்டு, ரோல் பிளக் செருகி, தாங்கியை ஸ்குரூவால் இறுக்கி, அடியில் உள்ள பூட்டு ஸ்குரூவையும் மறக்காமல் போடுங்கள்.

கரண்ட் போனால்

பற்றரி பெல் என்பதால் மின்வெட்டிலும் வேலை செய்யும் என்று நம்பி வாங்கியவர்கள் பலர். பெல்லுக்குச் சார்ஜ் இருக்கும். ரவுட்டர் செத்திருக்கும், வீட்டுக்குள் பிளக்கில் சொருகிய மணிப்பெட்டியும் செத்திருக்கும். வந்தவர் பொத்தானை அழுத்துவார், கேட்டில் மட்டும் சின்னச் சத்தம் கேட்கும், மேலே யாருக்கும் தெரியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்களே, அப்போதுதான் ரவுட்டருக்கென்று சின்ன யூ.பி.எஸ். வைக்கும் பழக்கம் நம் வீடுகளுக்கு வந்தது. அது இப்போதும் தேவை. ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். பைபர் இணைப்பென்றால் ஒளியிழைப் பெட்டி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும். மெமரி கார்ட் போடக்கூடிய பெல்லாக இருந்தால், இணையம் இல்லாத நேரத்துப் பதிவாவது மிஞ்சும்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, பலர் வீட்டோடு மண்ணுக்குள் போனார்கள். மின்சாரமும் போன் தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. அப்படி ஓர் இரவில் மண்சரிவு எச்சரிக்கையைக் கிராம சேவகரோ பக்கத்து வீட்டுக்காரரோ கால்நடையாகத்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். அவர் கேட்டில் நின்று ஒரு செத்த பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. கேட்டில் பித்தளை மணியொன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். எங்கள் கேட்டில் தாத்தா காலத்து மணி தொங்குகிறது. அதன் சத்தம் பின்கட்டுக் குசினி வரை கேட்கிறதா என்று மழை பெய்யும்போது ஒருவரை அடிக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தேன்.

எதிர் வீட்டு வாசல்

பெல் பொருத்திச் சில வாரங்களில் எதிர் வீட்டு ராத்தா கேட்டடியில் நின்று கேட்டார்: "தம்பி, கோபிக்காதீங்க. அந்தக் கெமராவுல எங்கட வாசலும் விழுதா?" போனைத் திறந்து அவருக்கே காட்டினேன். விழுந்தது. காலையில் அவர் தலையில் முக்காடு இல்லாமல் வாசலைக் கூட்ட வருவதும் பால் எடுப்பதும் என் போனில் இருந்தன. நான் அந்தப் பதிவுகளைத் திறந்து பார்த்தவனில்லை. ஆனால் அவை அங்கே இருந்தன. அவர் தன் வீட்டு வாசலில் தன் இஷ்டத்துக்கு நிற்கும் உரிமையை, கேட்காமலே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் முன்னாலேயே பழைய பதிவுகளை அழித்தேன். மேலே சொன்ன ஆப்புத் தகட்டை வாங்கி வந்ததும் அதற்குப் பிறகுதான். அதன் பின்னும் ஓரத்தில் தெரிந்த அவருடைய ஜன்னலைச் செயலியில் உள்ள மறைப்புப் பகுதியால் கறுப்பாக்கி, அவரை மறுபடி கூப்பிட்டுக் காட்டினேன். பற்றரிக்கு நல்லதாக அமைந்த அதே திருப்பம்தான் அயலுக்கும் நல்லதாக அமைந்தது. இரண்டையும் தனித்தனியாக யோசிக்கத் தேவையில்லை.

நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முழுக்கத் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. அதை வைத்து "என் வீடு, என் கெமரா" என்று இருந்துவிட வேண்டாம். ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் செக் நாட்டு வழக்கொன்றில், பொது வீதியையும் பிடிக்கும் வீட்டுக் கெமராவை முழுக்க வீட்டுத் தேவை என்று சொல்ல முடியாது எனத் தீர்ப்பளித்தது. 2021 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றத்தில் அயல்வீட்டுக்காரி ஒருவர் தொடுத்த வழக்கில், வீடியோ பெல்லும் கெமராக்களும் தொலைவிலிருந்தே பேச்சைப் பதிவு செய்ததை நீதிபதி மிகையென்றார். படத்தைவிட ஒலிப்பதிவையே கடுமையாகப் பார்த்தார். அந்தத் தீர்ப்புகள் இங்கே செல்லாது. ஆனால் அவற்றிலுள்ள நியாயம் அம்பிட்டியவிலும் நியாயம்தான். நான் ஒலிப்பதிவை அணைத்துவிட்டேன். பொத்தானை அழுத்தியவரோடு பேசலாம், வீதியில் பேசிக்கொண்டு போகிறவர்களின் பேச்சு எங்கும் சேராது. கேட்டில் "இங்கே கெமரா உண்டு" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு பலகையும் தொங்குகிறது.

பதிவுகள் நிறுவனத்தின் சேமிப்பில் இருந்தால் அங்கே யார் பார்க்கிறார்கள் என்பதும் நம் கவலையாக வேண்டும். ஊழியர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்க வீடியோக்களைப் பார்க்க இடம்கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2023இல் தொடுத்த வழக்கை முடிக்க ரிங் நிறுவனம் 58 இலட்சம் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வீட்டுக்குள்ளேயே கார்டில் பதியும் வகையை நான் விரும்புவது அதனால்தான். எதுவானாலும் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாததாக வையுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள், பதிவுகள் ஏழு நாளில் தானாக அழியட்டும்.

பெல்லுக்குள் இருந்து பேசுவது

பொருத்தியவுடன் வீட்டிலுள்ளவர்களுக்குப் பேசப் பழக்குங்கள். அம்மா முதல் நாட்களில் போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்பார். பொத்தானை அழுத்தியபடி பேச வேண்டும் என்று பிடிபட ஒரு வாரம் எடுத்தது. பெரிய எழுத்துத் திரையுள்ள பழைய போன் ஒன்றை ஹோலில் சுவரோரம் நிரந்தரமாக வைத்து, அதில் இந்தச் செயலியை மட்டும் போட்டுக் கொடுத்தேன். இப்போது தபால்காரர் வந்தால் "அங்கேயே பெட்டியில் போடுங்க ஐயா" என்பார். மீட்டர் பார்ப்பவர் "அம்மே, மீட்டரே பலன்ன ஆவே" என்றால் சிங்களத்திலேயே பதில் சொல்லி, கேட்டின் பக்கக் கதவு திறந்திருப்பதாகச் சொல்வார். கேட் தானாகத் திறக்கும் வசதியைப் பெல்லோடு இணைக்க நான் சம்மதிக்கவில்லை. தெரியாதவருக்கு "வீட்டில் யாரும் இல்லை" என்றோ "நான் தனியாக இருக்கிறேன்" என்றோ சொல்ல வேண்டாம், "இப்போது இறங்க முடியாது, என்ன விஷயம்?" என்பது போதும்.

வந்தவரை நிற்கவைத்து முகத்தை ஆராய்ந்துகொண்டிருப்பது மரியாதையில்லை. 2025 ஏப்ரலில் புனித தந்தத்தாதுவைக் காட்சிக்கு வைத்த சிறி தலதா வந்தனாவ நடந்தபோது நகரத்தின் வீதிகளெல்லாம் வரிசை நீண்டு நின்றதே, அந்த வரிசை ஒரு நண்பரின் வீட்டு மதிலோரமும் போனது. குழந்தையோடு நின்ற ஒரு பெண் தண்ணீர் கேட்டுப் பெல் அடித்தார். நண்பரின் மகன் அறைக்குள் இருந்துகொண்டே பெல்லில் பேசினான். அந்தப் பெண் பெட்டியைப் பார்த்துத் தயங்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பின்வாங்கினார். நண்பர் அந்தப் படத்தைப் பார்த்தவுடன் போத்தலோடு கேட்டுக்கு ஓடினார். அதன் பிறகு அந்தப் பத்து நாளும் பெல்லின் அசைவு உணரியை அணைத்து, கேட்டைத் திறந்து, வாசலில் தண்ணீர்ப் பீப்பாய் வைத்தார்கள். எசல பெரஹெரா காலத்தில், கும்பல் ஐந்து இரவும் ரந்தோலி ஐந்து இரவும், பெரஹெரா வீதிகளில் வீடு உள்ளவர்களும் அப்படிச் செய்வது நல்லது. சார்ஜும் மிஞ்சும்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. செயலியில் உங்களையும் சேர்த்திருந்தால், டொராண்டோவிலிருந்தோ தோஹாவிலிருந்தோ கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். பெற்றோர் எப்போது வெளியே போகிறார்கள், யார் வந்துபோகிறார்கள் என்று கேள்வி கேட்கத் தொடங்கினால், அவர்கள் பெல்லைக் கழற்றி வைத்துவிடுவார்கள். என் தங்கைக்குப் பொத்தான் அழுத்தப்படும் அழைப்பு மட்டும் போகும்படி வைத்திருக்கிறேன், அசைவுப் பதிவுகள் போகாது. இதை அம்மாதான் கேட்டுக்கொண்டார்.

சார்ஜ் போடும் நாள்

பற்றரி 20 சதவீதத்துக்கு வந்ததும் கழற்றுங்கள், பூச்சியம் வரை விடாதீர்கள். சார்ஜரும் வயரும் தயாரிப்பாளர் சொன்னவையாக இருக்கட்டும். மெத்தையிலோ சோபாவிலோ வைத்துச் சார்ஜ் போடாமல், சீமெந்துத் தரையிலோ ஓட்டுத் தளத்திலோ, ஆள் இருக்கும் நேரத்தில் போடுங்கள். பற்றரி சற்றே வீங்கித் தாங்கிக்குள் இறுக்கமாக நுழைந்தால் அன்றோடு அது முடிந்தது. அதைக் குப்பைப் பையில் போடாதீர்கள். நம் நகரத்துக் குப்பை கொஹாகொடவுக்குப் போகிறது, அது மகாவலியின் ஓரம். போகும் வழியில் லொறிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கையில் கொடுங்கள்.

நான் சார்ஜ் போடுவது போயா தினத்தில். அன்று தபால் இல்லை, மீட்டர் பார்ப்பவர் இல்லை, கூரியர் இல்லை. காலையில் பெல்லைக் கழற்றித் துடைத்து, தூணில் சிலந்தி நூலைத் தட்டி, ரப்பர் மூடியைப் பார்த்து, பற்றரியைச் சாப்பாட்டறைத் தரையில் சார்ஜில் வைப்பேன். நான்கைந்து மணிநேரம் கேட்டில் பெல் இருக்காது. அந்த நேரத்துக்கென்று அம்மா பித்தளை மணியின் கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார், வருபவர் கண்ணில் படட்டும் என்று.